நாற்பத்தெட்டுத் தட்டுகளை எரித்தவள்

7 செப்டெம்பர் 1998, திங்கள்

இன்று கன்ரீன் சோறு ஒரு தட்டு, பருப்பு, பொரித்த கருவாடு, எல்லாவற்றையும் எரித்தேன். சாப்பாட்டை எரிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள் இந்தக் கண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டில் இதே வேலையைச் செய்தபோது அண்ணியிடம் திட்டு வாங்கினேன். இங்கே வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டைக் காயவைத்து அரைத்து, தூளில் ஒரு கிராமை அமுக்கி வில்லையாக்கி, தடித்த உருக்குச் சட்டிக்குள் வைக்க வேண்டும். ஒட்சிசன் நிரப்பித் திருகி மூடி, தண்ணீர் வாளிக்குள் இறக்கி, கரண்ட் கொடுத்தால் உள்ளே எரிந்துபோகும். வெளியே ஒரு சத்தமும் கேட்காது. அந்தச் சூட்டில் வாளித் தண்ணீர் எத்தனை பாகை ஏறுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். அதிலிருந்து எத்தனை கலோரி என்று வரும். இவ்வளவுதான் என் விஞ்ஞானம். ஊரில் அண்ணன் “தங்கச்சி கண்டியில ஆராய்ச்சி பண்ணுது” என்று சொல்லித் திரிகிறார். நான் திருத்தவில்லை.

இதெல்லாம் பழகிப் பார்ப்பது. உண்மையான வேலை அடுத்த ஞாயிறு தொடங்குகிறது. அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராக்களில், ஆறு தோட்டங்களில், கொழும்பிலுள்ள ஒரு தர்ம நிறுவனம் மத்தியானச் சாப்பாடு போடுகிறது. அதை அடுத்த வருசமும் தொடர்வதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். வீட்டில் மட்டும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1200 கலோரி கிடைக்கிறதென்றால் மத்தியானச் சாப்பாடு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். கிடைக்கவில்லையென்றால் தொடரும். ஆறில் ஒன்று எங்கள் தோட்டம், ஹுன்னஸ்கிரியவில். அங்கே பிள்ளைக் காம்பராவில் சமைக்கிறவர் என் அண்ணி பாப்பம்மா.

டொக்டர் பத்மாதேவி, எங்கள் பிரிவின் தலைவி, இன்று இதை விளங்கப்படுத்திவிட்டு, “உன்ர சொந்த இடம் எண்டு கை நடுங்கக் கூடாது, பிள்ளை” என்றார். நடுங்காது என்று சொன்னேன். பெரிய வீராங்கனை.

9 செப்டெம்பர், புதன்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஜனவரியில் கண்டியில் குண்டு வெடித்த பிறகு இது வழக்கம்தான். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், ஹுன்னஸ்கிரியத் தமிழ்ப் பெண்ணுக்குக் கண்டியில் என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். நான் வேலை செய்கிற கருவியின் பெயர் குண்டுக் கலோரிமானி. அதை மூன்று மொழியிலும் சொல்ல எனக்குத் தெரியும். மூன்றிலும் குண்டு குண்டுதான்.

“சமையல்” என்றேன். பட்டம் படித்து, டிப்ளோமா படித்து, கடைசியில் என்னைக் காப்பாற்றிய சொல்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது டொக்டர் சிரிக்கவேயில்லை. அவருக்கு இது எத்தனை தடவை நடந்திருக்குமோ. இனி வெளியில் எல்லோரும் அதைச் சட்டி என்றே சொல்வது என்று முடிவானது.

13 செப்டெம்பர், ஞாயிறு

எங்கள் தோட்டம். பிள்ளைக் காம்பரா பூட்டுகிற நாள் ஞாயிறு என்பதால் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டுச் சாப்பாடு. பிள்ளைக்கு எவ்வளவு கொடுக்கிறார்களோ அதே அளவை எங்கள் டப்பாவிலும் போட வேண்டும். அதற்கு ஈடாக மாவும் அரிசியும் ஜீப்பில் கொண்டுபோயிருந்தோம்.

எட்டு வீடு. டொக்டர் நாலு, நான் நாலு. பிறந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, ஜீப்பில் போய் இறங்கினால் எப்படி இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். இறங்கினேன். சேற்றில் வழுக்கி விழுந்தேன். டப்பாக்கள் சரிவில் உருண்டு ஓட, லயமே வெளியே வந்து பொறுக்கிக் கொடுத்தது. ஆராய்ச்சி தொடங்கியது.

அண்ணி வீட்டில் என்னைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். அந்த வீட்டில் நான் கதிரையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

17 செப்டெம்பர், வியாழன்

உடைத்துவிட்டேன்.

வாளிக்குத் தண்ணீர் அளக்கிற இரண்டு லீற்றர்க் கண்ணாடிக் குடுவை. வெளிநாட்டிலிருந்து வந்தது, எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். கழுவும்போது கை வழுக்கிவிட்டது. அப்போது அறையில் யாரும் இல்லை. நான் என்ன செய்தேன்? ஓடிப்போய்ச் சொன்னேனா? துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரிகையில் சுற்றி என் கைப்பையில் போட்டேன். இப்போது அவை என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. விஞ்ஞானி.

டிசம்பர் மூன்றாம் திகதி நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம். மூன்று மாதத்துக்கு முன்னால் ‘கவனமில்லாதவள்’ என்று கோப்பில் ஏறினால்? நாளைக்குச் சொல்லிவிடலாம்.

18 செப்டெம்பர், வெள்ளி

சொல்லவில்லை. டொக்டருக்குத் தலையிடி. அவருடைய தலையிடிக்கு இவ்வளவு நன்றியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

19 செப்டெம்பர், சனி

அக்குறணையில் ஸெய்னுலாப்தீன் நானாவின் பிளாஸ்டிக் கடைக்குப் போய் ஒரு ஜக்கு வாங்கினேன். அடியில் ‘2 லீற்றர்’ என்று அச்சு. மேலே, வாய்க்குச் சற்றுக் கீழே, சுற்றிவர ஒரு கோடு. ஆக, இரண்டு லீற்றர் அந்தக் கோடு வரைக்கும். நல்ல நீல நிறம்.

தண்ணீர் எடை பார்க்கிற பெரிய தராசு பழுதாகி ஒரு வருசம். சின்னத் தராசில் இருநூறு கிராமுக்கு மேல் வைக்க முடியாது. அதனால் ஜக்கைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருநூறு இருநூறாகப் பத்துத் தடவை நிறுத்திருக்கலாம் என்று ஒரு சின்னக் குரல். சின்னக் குரல்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

2 ஒக்டோபர், வெள்ளி

ஞாயிறுக்கு ஒரு தோட்டம், தோட்டத்துக்கு எட்டுத் தட்டு, ஒரு தட்டு என்றால் ஒரு பிள்ளையின் ஒரு நாள் சாப்பாடு. பத்தொன்பது தட்டு முடிந்தது. ஒவ்வொன்றும் இரண்டு தடவை எரிக்கிறேன், இரண்டும் அச்சொட்டாக ஒத்துப்போகிறது. டொக்டர் பார்த்துவிட்டு, “கை நல்லாப் பழகீட்டுது” என்றார். தூள்களெல்லாம் நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடக் காட்டுகின்றன. தேங்காய் கூடப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஆட்களுக்குச் சம்பல் இல்லாமல் ரொட்டி இறங்காது.

22 ஒக்டோபர், வியாழன்

முடிந்தது. நாற்பத்தெட்டுத் தட்டு, தொண்ணூற்றாறு எரிப்பு. சராசரி 1216.

1200 என்கிற கோட்டுக்கு மேலே பதினாறு. முதலில் எனக்கு வந்தது சந்தோசம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பரீட்சையில் எங்கள் பிள்ளைகள் பாஸ் ஆன மாதிரி. லயத்துப் பிள்ளைகள் என்றால் எல்லோரும் பட்டினி என்று நினைக்கிறார்கள், பாருங்கள், 1216. அப்புறம்தான் அந்தப் பாஸுக்கு என்ன பரிசு என்பது ஞாபகம் வந்தது.

டொக்டர் இலக்கத்தை வெகுநேரம் பார்த்தார். “மட்டுமட்டாத்தான் கிடக்கு. சரியாத்தானே செய்தனி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது ஜக்கு எனக்குப் பின்னால் அலுமாரித் தட்டில் இருந்தது. ஒரு குளியலறைச் சாமானை நான் விஞ்ஞானக் கருவி என்று வைத்திருக்கிறேன் என்பது அவர் மூளைக்கு எப்படித் தோன்றும்? கையெழுத்துப் போட்டார். நானும் கீழே போட்டேன்.

14 நவம்பர், சனி

வீட்டுக்கு வந்தேன். கடிதம் எனக்கு முந்தி வந்துவிட்டது. நவம்பர் முப்பதோடு மத்தியானச் சாப்பாடு நிறுத்தம், ஆறு தோட்டத்திலும். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என்கிற முறையில் அண்ணன் வீரையா அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “படிச்சவங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

இலக்கம் பொய் சொல்லாது என்று நான் விளக்கம் கொடுத்தேன். ஆமாம், அடுப்படியில் நின்று, அண்ணியிடம், விளக்கம். அவர் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

“எங்க வீட்டுல அம்புட்டு இருக்குன்னு எங்களுக்கே தெரியாமப் போச்சே, சந்திரி.”

குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே ஆச்சரியப்பட்டாரா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன். மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியை நாலாகப் பிய்த்து, அண்ணனுக்கு, எனக்கு, சின்னவள் சுகந்திக்கு என்று வைத்தார். கடைசித் துண்டு சட்டியிலேயே இருந்தது. அது அவருக்கு என்று நினைத்தேன். படுக்கப்போகும்போது பார்த்தால் அது சுகந்தியின் கையில் இருந்தது.

ஒரு துண்டு ரொட்டியில் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் 1216 வரவில்லை.

16 நவம்பர், திங்கள்

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, நாலு மணிக்குச் சீனி எரித்தேன். சாதாரணச் சீனி, கன்ரீனிலிருந்து ஒரு கரண்டி. ஒரு கிராம் சீனி எரிந்தால் 3.94 கலோரி. உலகத்தில் எங்கே எரித்தாலும் அதுதான். கண்டியிலும் அதுதான் வரவேண்டும்.

4.58.

சீனியில் தேங்காய் இல்லை.

17 நவம்பர், செவ்வாய்

4.59. கன்ரீன்காரரிடம் வேறு பைக்கற்றிலிருந்து வாங்கி எரித்தேன். 4.58. சீனியில் கலப்படமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். என்மேல் பழி வராமல் இருக்க ஒரு நாட்டின் சீனியையே சந்தேகப்படுகிற ஆள் நான்.

18 நவம்பர், புதன்

வேலை முடிந்து ஜக்கைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு அக்குறணைக்குப் போனேன். பலசரக்குப் பக்கமும் நானாவின் கடைதான், நல்ல தராசு இருக்கிறது. இதில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து நிறுத்துத் தாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் வேலைக்காரரை விடாமல் தானே குழாயடிக்குப் போய்ப் பிடித்து வந்து வைத்தார். ஜக்கின் எடையைக் கழித்து, ஒரு கிலோ அறுநூற்று அறுபது.

“இதுல ரெண்டு லீற்றர்னு போட்டிருக்கே, நானா?”

“ரெண்டு லீற்றர்தான் தங்கச்சி, வாய் வரைக்கும் நெறச்சா. அந்தக் கோடு மூடி உட்கார்றதுக்கு. மூடியத்தான் நீங்க அண்டைக்கு வேணாம்னு வெச்சிட்டுப் போனீங்க.”

மூடியை எடுத்து வந்து மாட்டியும் காட்டினார். அழகாக அந்தக் கோட்டில் உட்கார்ந்தது. பிறகு, ஏதும் பிழை போயிற்றா, காசைத் திருப்பித் தரவா என்று கேட்டார். பிழை உங்கள் பக்கம் இல்லை என்றேன். மூடியைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய் ஒரு பிளேன்ரீ வரவழைத்தார்.

முந்நூற்று நாற்பது கிராம் தண்ணீர் குறைவு. குறைவான தண்ணீர் அதிகம் சூடாகும். இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதை இரண்டாயிரம் என்று வைத்துப் பெருக்கினேன், தொண்ணூற்றாறு தடவை. இரண்டு எரிப்பும் ஏன் அச்சொட்டாக ஒத்துப்போயின என்பதும் விளங்குகிறது. ஒரே பிழையைக் கை நடுங்காமல் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

சீனி எவ்வளவு கூடக் காட்டியதோ அந்த விகிதத்தை வைத்து பஸ்ஸிலேயே கணக்குப் பார்த்துவிட்டேன். 1216 இல்லை. கிட்டத்தட்ட 1045.

19 நவம்பர், வியாழன்

சொல்லவில்லை.

20 நவம்பர், வெள்ளி

கடிதம் எழுதிப் பார்த்தேன். ‘ஈரப்பதன் காரணமாக ஏற்பட்ட சிறு வேறுபாடு.’ கிழித்தேன். ‘கருவியின் பழமை காரணமாக.’ கருவி பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. ‘மறுபரிசீலனையில் கண்டறியப்பட்டபடி.’ யார் பரிசீலித்தது? யார் கண்டறிந்தது? தமிழில் ஆள் இல்லாமலே வாக்கியம் எழுத முடியும் என்பது எவ்வளவு வசதி.

22 நவம்பர், ஞாயிறு

யோசித்துப் பார்க்கிறேன். நேர்முகம் டிசம்பர் மூன்று. சாப்பாடு நிற்பது நவம்பர் முப்பது. நான்காம் திகதி சொன்னால் எனக்கு நியமனமும் இருக்கும், பிள்ளைகளுக்கு நாலு நாள்தான் போகும். நாலே நாள். அதுவும் ஒன்றிரண்டு நாள் வேலையில்லாத நாள்.

இப்படி ஒரு கணக்கை நான்தான் போட்டேன். என் கையெழுத்துதான். நாளைக்கு இதை வாசித்தால் வேறு யாரோ எழுதியது என்று நினைக்கக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். சுகந்திக்கு நாலு வயது. நாலு நாளா? ச்சீ, என்னடி நீ.

24 நவம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலையில் டொக்டர் கதவைத் திறக்கும்போதே பின்னால் போய், பத்திரிகைச் சுற்றலைப் பிரித்துக் கண்ணாடித் துண்டுகளை மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஜக்கு. அதற்குப் பக்கத்தில் சீனி எரித்த தாள். கண்காட்சி மாதிரி. பேசுவதற்கு ஒரு வாரமாகத் தயார்ப்படுத்திய வசனங்கள் இருந்தன. ஒன்றும் வரவில்லை. “நாந்தான் ஒடைச்சேன். அளவு பிழை. எல்லாம் பிழை” என்று மட்டும் வந்தது, தோட்டத்துப் பேச்சிலேயே.

அவர் உட்கார்ந்தார். ஜக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கத்துகிறவர் இல்லை. கத்தவில்லை. 

“தூள் மிச்சம் இருக்கோ?”

“இருக்கு டொக்டர். நாப்பத்தெட்டுப் போத்தலும் இருக்கு.”

“அப்ப திருப்பி எரிப்பம்.”

அவ்வளவுதானா என்று நான் மூச்சு விடப் போனேன். அப்போது அவர் சொன்னார்: “நான் இதில கையெழுத்து வைச்சனான், பிள்ளை. ஒரு கரண்டி சீனி எரிச்சுக் காட்டு எண்டு கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை. நீ ஒளிச்சது உன்ர பிழை. நான் பாக்காதது என்ர பிழை. கடிதத்தில ரெண்டும் வரும்.”

அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருசம். இருபத்தேழு வருச வேலையில் தான் கொடுத்த ஓர் அறிக்கையை அவர் திரும்பப் பெறுவது இதுதான் முதல் தடவை என்று பிறகு தட்டச்சு செய்கிற றீற்றா சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு சொல் சொல்லவில்லை.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். முப்பதாம் திகதிக்கு முதல் முடிவை மாற்ற முடியாது, புது இலக்கம் எழுத்தில் வரட்டும் என்றார்களாம்.

26 நவம்பர், வியாழன்

டொக்டர் வேறொரு பிரிவிலிருந்து பெரிய தராசு கடன் வாங்கி வந்தார். காரின் பின் சீற்றில் ஒரு பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு நான். பாலத்தடியில் மறித்து இது என்ன என்று கேட்டார்கள். “தராசு” என்றார் டொக்டர். எதற்கு? “பிழையா நிறுத்துப்போட்டம், திருப்பி நிறுக்க” என்று சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் சிரித்துவிட்டு விட்டார். டொக்டர் சிரிக்கவில்லை. ஆனால் பாலம் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முதலில் சீனி. 3.94. எனக்கு அழுகை வந்தது, அதுவும் ஒரு கரண்டி சீனிக்கு.

1 டிசம்பர், செவ்வாய்

இன்று பிள்ளைக் காம்பராவில் மத்தியானம் ஒன்றும் இல்லை. நான் இங்கே ஆறு தட்டு எரித்தேன்.

3 டிசம்பர், வியாழன்

நேர்முகம். மூன்று பேர். கோப்பில் டொக்டரின் குறிப்பு இருந்தது, குடுவையிலிருந்து ஜக்கு வரைக்கும், ஒரு வரி விடாமல். கடைசியில், ‘தானாகவே வந்து சொன்னார்’ என்றும் இருந்தது. நடுவிலிருந்தவர் ஏன் இரண்டு மாதம் மறைத்தீர்கள் என்று கேட்டார். பயம் என்றேன். வேறு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்து ஒரு மாலுபாண், மீன் வைத்த பணிஸ், வாங்கிச் சாப்பிட்டேன். எவ்வளவு என்று யோசிக்காமல் இருக்க முயன்றேன். முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு.

19 டிசம்பர், சனி

தொண்ணூற்றாறாவது எரிப்பு. டொக்டர் வெப்பமானி பார்க்க, நான் எழுத. சனிக்கிழமைகளிலும் அவர் வந்தார். நடுவில் பேச்சு அதிகம் இல்லை. ஒருநாள் மட்டும், தன் ஊரில் படிக்கிற காலத்தில் ஒரு சோதனையில் முடிவைக் கள்ளமாகப் பென்சிலால் திருத்தியதைச் சொன்னார். கண்டுபிடித்தார்களா என்று கேட்டேன். “இல்லை. அதுதான் இன்னும் ஞாபகம்” என்றார்.

சராசரி 1046. கோட்டுக்குக் கீழே நூற்றைம்பத்து நாலு.

கடிதத்தை டொக்டர் எழுதினார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை அதில் ஆள் இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

30 டிசம்பர், புதன்

பதில் வந்தது. நன்றி, வருந்துகிறோம், அடுத்த வருசத்துக்கான ஒதுக்கீடு ஏற்கெனவே வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆவன செய்ய முயல்கிறோம்.

ஆவன. என்ன ஆவன?

டொக்டர் கடிதத்தை வாசித்துவிட்டு எழுந்து, அலுமாரியிலிருந்து கைப்பையை எடுத்தார். கொழும்பு ரயில் எத்தனை மணிக்கு என்று றீற்றாவிடம் கேட்டார்.

23 ஜனவரி 1999, சனி

வீட்டில் இருக்கிறேன். பொங்கலுக்கு வர முகம் இல்லாமல் சாக்குச் சொல்லிவிட்டேன், இன்றுதான் வந்தேன்.

டிசம்பரிலிருந்து லயத்துக்கு லயம் ஒரு பிடி மா சேர்த்து, பிள்ளைக் காம்பராவில் அண்ணி கூழ் காய்ச்சுகிறார். எல்லா நாளும் இல்லை. இருக்கிற நாளில். அண்ணனும் சங்கத்து ஆட்களும் தோட்டத்தை நடத்துகிற துரையைப் பார்த்து விறகுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். இதை யாரும் எனக்கு எழுதவில்லை.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குடுவையை உடைத்தது, ஒளித்தது, நாலே நாள் என்று கணக்குப் போட்டது வரைக்கும். கடைசியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டால் மறுபடி ஒளித்ததாகும், மறுபடி ஜக்குதான்.

அண்ணி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார். கூழ் சட்டியை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார், “கோவம் வருது சந்திரி. வராம என்ன. ரெண்டு மாசமாப் புள்ளைங்க மூஞ்சியப் பாக்குறது நானு.” அதற்குப் பிறகு, கரண்டியை என் கையில் கொடுத்து, “ஊத்து” என்றார்.

இருபத்தாறு பிள்ளைகள். ஊற்றினேன். கை நடுங்கியது.

1 மார்ச், திங்கள்

இன்றிலிருந்து மறுபடி மத்தியானச் சாப்பாடு, ஆறு தோட்டத்திலும். டொக்டர் மூன்று தடவை கொழும்புக்குப் போய் வந்தார். அங்கே என்ன பேசினார் என்று சொல்லவில்லை. ஒருநாள் வாசலில் நாலு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள் என்பது மட்டும் றீற்றா வழியாகத் தெரியும்.

மூன்று மாதம் போயிற்று. அதைத் திருப்பி எரிக்க முடியாது.

8 மே, சனி

அண்ணி கண்டி ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட வந்தவர், சட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். டொக்டரும் அங்கே இருந்தார். அவர்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. டொக்டர் தன் கதிரையை அண்ணிக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் ஒரு வில்லை எரித்துக் காட்டினேன். தண்ணீர் ஏறுவதைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். ஊசியளவு அசைவு. அண்ணி நிமிர்ந்து, இவ்வளவுதானா என்பது போல் என்னைப் பார்த்தார். இதற்காகவா ஜீப், இதற்காகவா மூன்று மாதம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு டொக்டர் 1046 பற்றிச் சொன்னார். இப்போது அளவு சரி, தண்ணீரைத் தராசில் நிறுத்தோம், எல்லாம் இரண்டு தடவை என்றார். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்து, கொஞ்சம் தயங்கி,

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அன்னிக்கி நீங்க வர்றீங்கன்னு எல்லா வீட்டுலயும் கொஞ்சம் கூடத்தான் வச்சோம்” என்றார்.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியதும், வெள்ளிக்கிழமையே ஆளுக்காள் கடையில் கடன் சொல்லி வாங்கிவிட்டார்களாம். வெளி ஆட்கள் முன்னால் பிள்ளைக்கு வெறும் ரொட்டி கொடுக்க யாருக்கு மனம் வரும்? “நம்ம வீட்டுல முட்டை எப்ப வாங்குறோம்? நீ வர்றேன்னு வாங்குனது. மறுநாளும் முட்டை வேணும்னு சுகந்தி அழுதா.”

நான் அந்த லயத்தில் பிறந்தவள். தோட்டத்துக்கு யாராவது பார்க்க வந்தால் அம்மா எனக்கு நல்ல சட்டை மாட்டித் தலைக்கு எண்ணெய் வைத்து வாசலில் நிறுத்தியது எனக்குத் தெரியும். கதிரையில் உட்கார்ந்து அந்த முட்டையை டப்பாவில் வாங்கி, மூடி, இலக்கம் ஒட்டிக் கொண்டுவந்தவளும் நான்தான். தண்ணீரில் முந்நூற்று நாற்பது கிராம் பிழை விட்டதற்கு ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். இதற்கு எத்தனை வருசம் தள்ளிவைப்பார்களோ.

டொக்டர் கேட்டார், “அப்ப என்ன செய்யலாம், அக்கா? சொல்லாமப் போறதோ?”

“சொல்லாம வந்தா வெக்கப்படுவாங்க. அது பாவம். நான் வீட்டுக்கு வீடு போறேன். எங்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல, நானும் அதைத்தான் திங்குறேன்.” கொஞ்சம் யோசித்தார். “ஞாயித்துக்கிழமை வேணாம். சம்பளத்துக்கு மொத நாளு எடுப்போம். அன்னிக்கித்தான் சட்டியில என்ன இருக்குன்னு தெரியும்.”

எந்தத் திகதி என்று டொக்டர் கேட்டார். சம்பளம் பத்தாம் திகதி என்றார் அண்ணி. டொக்டர் எழுந்துபோய், சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு தாளைப் புரட்டி, வட்டம் போட்டார்.

ஜூன் ஒன்பது, புதன்.